அமைதியான தெருவுக்கு ஒரு நூற்றாண்டு வாடகை

ஆம்ஸ்டர்டாம் நகரின் கிழக்குப் பகுதியில் பேட்டோன்டோர்ப் என்றொரு குடியிருப்பு இருக்கிறது. 1629-இல் நீரை இறைத்து நிலமாக்கிய வாட்டர்கிராஃப்ஸ்மேர் என்னும் பழைய ஏரிப்படுகையில், கடல்மட்டத்துக்கு ஐந்து மீட்டருக்கும் கீழே அமைந்த ஊர் அது. வரிசை வரிசையாகத் தாழ்வான வீடுகள். வீட்டு முகப்பில் வேலிச்செடி. செங்கல் பாவிய குறுகிய தெருக்கள். வயல், விதைப்பவர், கால்நடை வளர்ப்பு என்று தெருக்களுக்கெல்லாம் உழவுப் பெயர்கள். நடுவே ஒரு திடல். அதைச் சுற்றி டிக் கிரைனர் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்த வீடுகளும் கடைகளும் ஒரு நூலகமும். 1947-இல் பிறந்த கால்பந்து மேதை யோஹான் க்ரைஃப் பந்து உதைத்து வளர்ந்தது இந்தத் தெருக்களில்தான்.

இப்படிப்பட்ட ஒரு டச்சுக் குடியிருப்பில் வாடகைக்கு வீடு பிடித்துக் குடியேறுகிறவர்களை முதலில் வியக்க வைப்பது அமைதி. வேலிச்செடியைக் கத்தரிக்கும் சத்தம், ஒரு சைக்கிள் மணி, பள்ளிவிடும் நேரத்துப் பிள்ளைகளின் குரல். மற்றபடி தெரு தன்பாட்டுக்குக் கிடக்கும். "இந்த ஊர்க்காரர்களே அப்படித்தான், சத்தம் போட மாட்டார்கள்" என்று நம்மவர்கள் பேசிக்கொள்வதுண்டு. குளிர் காரணம், மதம் காரணம், வளர்ப்பு காரணம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்வார்கள்.

வரலாற்றைப் புரட்டினால் அந்த விளக்கங்கள் நிற்பதில்லை. அந்தத் தெருவின் அமைதி, அடுத்த மாதமும் அடுத்த வருடமும் இந்த வீட்டில்தான் இருப்போம் என்று ஒரு வாடகைக்காரருக்கு இருந்த உறுதியிலிருந்து வந்தது. அந்த உறுதியைச் சட்டம் போட்டும் கடன் கொடுத்தும் போராடியும் கட்டினார்கள். வெட்கப்பட வேண்டிய சில வழிகளிலும் கட்டினார்கள். கட்டியதில் பெரும்பகுதியைக் கடந்த முப்பது ஆண்டுகளில் தாங்களே பிரித்தும் போட்டார்கள். இன்று அங்கே வீடு தேடி அலைகிறவர், டச்சுக்காரரோ தமிழரோ, அந்தக் கட்டுமானத்துக்கும் அந்தப் பிரிப்புக்கும் நடுவில் நிற்கிறார்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இதே ஆம்ஸ்டர்டாமின் யோர்டான் பகுதி எப்படி இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கும் அந்தச் சின்னத் தெருக்களில் 1900 வாக்கில் ஏறத்தாழ 80,000 பேர் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். ஒரே அறையில் ஒரு குடும்பம். சுவருக்குள் அலமாரி போலப் பதித்த மரப்பெட்டிப் படுக்கைகள். கதவைச் சாத்தினால் காற்றும் கிடையாது, வெளிச்சமும் கிடையாது. அதற்கும் வக்கில்லாதவர்களுக்கு நிலவறைகள். கால்வாயில் நீர் ஏறும்போது அங்கே தரை ஈரமாகும். வாராவாரம் வாடகை. ஒரு வாரம் தவறினால் சாமான்கள் தெருவில். அந்தத் தெருக்களில் அமைதி இருந்ததில்லை. காலராவும் காசநோயும் இருந்தன.

1901-இல் பியர்சன் தலைமையிலான அரசு வீட்டுவசதிச் சட்டத்தைக் கொண்டுவந்தது. டச்சுக்காரர்கள் வோனிங்வெட் என்று சொல்லும் இந்தச் சட்டம் மூன்று காரியங்களைச் செய்தது. காற்றும் வெளிச்சமும் இல்லாத வீட்டைக் கட்டவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று நகராட்சிகள் விதி செய்ய வேண்டும். வளரும் நகரங்கள் தங்கள் விரிவாக்கத்துக்கு முன்கூட்டியே திட்டம் போட வேண்டும். மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் பெரியது: லாபம் பார்க்காமல் வீட்டுவசதிக்காக மட்டுமே இயங்கும் சங்கங்களுக்கு அரசு நீண்டகாலக் கடன் கொடுக்கும். தொழிற்சங்கத்தார், ரயில்வே ஊழியர், கத்தோலிக்கர், சீர்திருத்தத் திருச்சபையார், சோசலிஸ்டுகள் என்று அவரவர் கூடிச் சங்கம் அமைத்தார்கள். வீடு கட்டி வாடகைக்கு விட்டார்கள். வந்த வாடகையில் கடனை அடைத்து அடுத்த வீட்டைக் கட்டினார்கள். இன்றைக்கு வீட்டுவசதிக் கழகங்கள் என்று நாடெங்கும் பரவியிருக்கும் அமைப்புகளின் வேர் அங்கே இருக்கிறது.

சட்டம் இருந்தால் போதாது, அதைக் கையிலெடுக்க ஆள் வேண்டும். ஆம்ஸ்டர்டாமுக்கு அப்படி இருவர் கிடைத்தார்கள். ஒருவர் 1914-இல் நகராட்சி நிர்வாகத்துக்குள் நுழைந்த சோசலிஸ்ட் ஃப்ளோர் விபவுட். இன்னொருவர் நகராட்சி வீட்டுவசதித் துறையை நடத்திய ஆரி கெப்லர். தொழிலாளி வீடு என்றால் மலிவாக, அழகில்லாமல் இருந்தால் போதும் என்ற எண்ணத்தை இருவரும் ஏற்கவில்லை. அந்தப் பிடிவாதத்தின் பலனை ஸ்பார்ன்டம்மர் பகுதியில் இன்றும் பார்க்கலாம். ஐகன் ஹார்ட் சங்கத்துக்காக மிஷெல் த க்ளெர்க் வடிவமைத்த, 'கப்பல்' என்று மக்கள் பெயர் வைத்துவிட்ட கட்டடம் அங்கே இருக்கிறது. 1919-இல் தொடங்கி 1921-இல் முடிந்த அதில் 102 வீடுகள், ஒரு அஞ்சல் அலுவலகம், ஒரு பள்ளி. செங்கல்லை அலைபோல வளைத்திருக்கிறார். எந்தப் பயனும் இல்லாத ஒரு கோபுரத்தை அழகுக்கென்றே எழுப்பியிருக்கிறார். உலகெங்கிலுமிருந்து கட்டடக் கலை மாணவர்கள் பார்க்க வரும் அந்த வீடுகள் இன்றும் குறைந்த வாடகை வீடுகளே. ஏழைக்கு எதற்கு இந்த அழகு என்று அன்றைக்கும் கேட்டார்கள். கட்டி நூறாண்டு ஆகியும் மக்கள் அதில் விரும்பிக் குடியிருக்கிறார்கள் என்பதே அதற்குப் பதில்.

பேட்டோன்டோர்ப் பிறந்ததும் இந்த வேகத்தில்தான். முதல் உலகப் போரில் நெதர்லாந்து கலந்துகொள்ளாவிட்டாலும் கட்டுமானம் முடங்கியது. செங்கல் விலை ஏறியது; கொத்தனார்கள் கிடைக்கவில்லை. கெப்லர் கான்கிரீட்டை முயன்று பார்க்கலாம் என்றார். 1923 முதல் பல கட்டடக் கலைஞர்கள், வெவ்வேறு கான்கிரீட் முறைகளில், ஏறத்தாழ 900 வீடுகளைக் கட்டினார்கள். கான்கிரீட் கிராமம் என்று மக்கள் வைத்த பெயரே நிலைத்தது. அங்கே தேவாலயம் வைக்கவில்லை, மதுக்கடையும் வைக்கவில்லை. நூலகம் வைத்தார்கள், கூட்டம் போட ஒரு மண்டபம் வைத்தார்கள். சோசலிஸ்டுகளின் கனவில் தொழிலாளி எப்படி மாலைப் பொழுதைக் கழிக்க வேண்டும் என்பது அந்தத் திடலின் வரைபடத்திலேயே எழுதப்பட்டிருந்தது.

இந்த இடத்தில் புகழ்ச்சியை நிறுத்திவிட்டு மறுபக்கத்தைப் பார்ப்பது நியாயம். நல்ல வீட்டுக்குத் தகுதியான வாடகைக்காரர் யார் என்பதையும் அதே சீர்திருத்தக்காரர்களே முடிவு செய்தார்கள். லண்டனில் வீட்டுவசதிச் சீர்திருத்தக்காரர் ஆக்டேவியா ஹில்லிடம் பயிற்சி பெற்று வந்த யோஹன்னா டெர் மூலன் வழியாக நெதர்லாந்தில் வீட்டு மேற்பார்வைப் பெண்கள் என்றொரு பணி உருவானது. வாடகை வசூலிக்க வருகிற அந்தப் பெண்மணி சமையலறையைப் பார்ப்பார், படுக்கையைப் பார்ப்பார், பிள்ளைகள் குளித்திருக்கிறார்களா என்றும் பார்ப்பார். பலருக்கு அவர் உதவியாக இருந்திருக்கிறார்; மருத்துவம், வேலை, கடன் என்று வழிகாட்டியிருக்கிறார். ஆனாலும் வாடகை கொடுக்கிற வீட்டில் இன்னொருவர் வந்து படுக்கை விரிப்பைத் தூக்கிப் பார்ப்பது என்னவென்று, வீட்டு உரிமையாளரின் பார்வைக்கு அஞ்சி வாழ்ந்த எவருக்கும் விளங்கும்.

அந்தப் பார்வையில் தேறாத குடும்பங்களுக்கு ஆம்ஸ்டர்டாம் தனி ஊரே கட்டியது. நகரின் வடக்கே அஸ்டர்டோர்ப்: 132 வீடுகள், சுற்றிலும் மதில், உள்ளே போக வர ஒரே வாசல். ஒழுங்காகக் குடித்தனம் நடத்தக் கற்றுக்கொண்டால் வெளியே நல்ல வீடு கிடைக்கும் என்ற ஏற்பாடு. 1927-இல் குடியேறத் தொடங்கிய குடும்பங்களுக்குக் கிடைத்தது என்னவோ அந்த முகவரியின் அவமானம்தான். 1940-இல் ரோட்டர்டாம் குண்டுவீச்சில் வீடிழந்தவர்களை அங்கே கொண்டுவந்து வைத்தார்கள். பிறகு நாஜி ஆக்கிரமிப்பாளர்கள், நாடுகடத்தப்படவிருந்த யூதர்களை அதே மதிலுக்குள் அடைத்தார்கள். சீர்திருத்தத்துக்கென்று கட்டிய மதில் எந்தக் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை அந்த நகரம் மறந்துவிடக் கூடாது. 1955-இல் வீடுகளை இடித்துவிட்டார்கள். வாசல் கட்டடம் மட்டும் மிஞ்சியிருக்கிறது. பேட்டோன்டோர்ப்பின் அமைதியையும் அஸ்டர்டோர்ப்பின் மதிலையும் ஒரே நகராட்சிதான், சில ஆண்டு இடைவெளியில் கட்டியது. ஒன்றைச் சொல்லும்போது மற்றதையும் சொல்லியாக வேண்டும்.

1940 மே 14 அன்று ரோட்டர்டாம் எரிந்தது. சுமார் 25,000 வீடுகள் போயின. ஏறத்தாழ 80,000 பேர் ஒரு பிற்பகலில் வீடிழந்தார்கள். போர்க்காலத்தில் உறைய வைத்த வாடகை, போர் முடிந்தபின்னும் பல ஆண்டுகள் கட்டுப்பாட்டிலேயே இருந்தது. 1947-இல் வந்த சட்டம், யார் எந்த வீட்டில் இருக்கலாம் என்பதையே நகராட்சியின் அனுமதிக்கு உட்படுத்தியது. புதுமணத் தம்பதிகள் ஆண்டுக்கணக்கில் பெற்றோர் வீட்டு மாடியறையில் காத்திருந்தார்கள். அரசியல்வாதிகள் வீட்டுப் பற்றாக்குறையை மக்களின் முதல் எதிரி என்று அழைத்தார்கள். இந்தோனேசியா விடுதலை பெற்றபின் திரும்பி வந்த குடும்பங்கள் விடுதி அறைகளில் ஒடுங்கின; அவர்களில் சம்பாதித்தவர்கள் வருமானத்தின் பெரும்பங்கை அந்த அறைக்கே கொடுக்க வேண்டியிருந்தது.

பற்றாக்குறை வரும்போதெல்லாம் அந்நியர்மேல் பழி போடுவது அங்கும் நடந்தது. 1972 ஆகஸ்டில் ரோட்டர்டாமின் அஃப்ரிகாண்டர்வைக் பகுதியில் ஒரு துருக்கிய வீட்டு உரிமையாளருக்கும் அவரிடம் குடியிருந்த டச்சுப் பெண்ணுக்கும் ஏற்பட்ட தகராறு, பல நாள் கலவரமானது. துருக்கியர் தங்கிய விடுதிகளைத் தாக்கினார்கள். அதன் பிறகு எந்தப் பகுதியிலும் குடியேறிகள் நூற்றுக்கு ஐந்து பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று நகர மன்றம் முடிவெடுத்தது. 1974-இல் அந்த முடிவு செல்லாததாக்கப்பட்டது. அதே ஆண்டில் ஆம்ஸ்டர்டாமின் பைல்மர்மேர் அடுக்குமாடிகளில் சூரிநாமியக் குடும்பங்கள் வேறு வழியில்லாமல் காலி வீடுகளுக்குள் புகுந்து குடியேறின. வீடு காலியாகக் கிடந்தது, குடும்பம் தெருவில் நின்றது. சட்டம் என்ன சொன்னாலும் அந்தக் குடும்பங்கள் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

அந்தக் காலம் தந்த இரண்டு காரியங்கள் இன்றும் வாடகைக்காரரைக் காக்கின்றன. ஒன்று, வெளியேற்றத்துக்கு எதிரான காப்பு. வாடகைக்காரர் ஒழுங்காக வாடகை கட்டி, வீட்டைக் கெடுக்காமல் இருக்கும்வரை, உரிமையாளர் விரும்பியபடி அவரை வெளியே அனுப்ப முடியாது. சட்டம் சொல்லும் காரணங்களில் ஒன்றை நீதிபதியிடம் நிறுவ வேண்டும். வீட்டை விற்றாலும் வாடகைக்காரரின் ஒப்பந்தம் புதிய உரிமையாளருக்கும் பொருந்தும்.

இரண்டாவது, 1979-இல் சட்டமான புள்ளி முறை. தெருவுக்கு எவ்வளவு கிராக்கி என்று பார்த்து மட்டும் வாடகையை வைத்துவிட முடியாது. வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று எண்ண வேண்டும். இருப்பறை, படுக்கையறைகளில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு புள்ளி. கழிப்பறைக்கு மூன்று. வெப்பமூட்டிய அறை ஒவ்வொன்றுக்கும் இரண்டு. சமையல் மேடையைக்கூட அளப்பார்கள்: இரண்டு மீட்டருக்குக் குறைந்தால் ஒரு கணக்கு, கூடினால் ஒரு கணக்கு. பிறகு வீட்டின் எரிசக்தித் தரம், நகராட்சி மதிப்பிட்ட விலை. எல்லாவற்றையும் கூட்டினால் அந்த வீட்டுக்கு அதிகபட்ச வாடகை என்ன என்பது தெரிந்துவிடும். தகராறு வந்தால் ஹூர்கொமிசி என்ற வாடகை ஆணையம் ஆளனுப்பி அளந்து பார்க்கும். சுவரில் ஈரமும் பூஞ்சையும் இருந்தால், சரிசெய்யும்வரை வாடகையைக் குறைக்கவும் அதற்கு அதிகாரம் உண்டு. சமையல் மேடையின் நீளத்தை அரசு அளக்கிறதா என்று சிலருக்கு விசித்திரமாகப் படலாம். அளவுகோல் இல்லாத இடத்தில் உரிமையாளர் சொன்னதே விலை. அளவுகோல் இருக்கும் இடத்தில் வாடகைக்காரரும் அதைக் கையில் எடுத்துப் பேசலாம்.

பழைய உறுதி எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பதற்கு டச்சு வாடகை வீட்டின் தரையைப் பார்த்தால் போதும். அங்கே வீடுகளை மூன்று விதமாக விடுவார்கள்: வெறும் வீடு, தரைவிரிப்பும் திரையும் உள்ள வீடு, மேசை நாற்காலியோடு கூடிய வீடு. வெறும் வீடு என்றால் உண்மையிலேயே வெறும் வீடு. கதவைத் திறந்தால் காலடியில் பூசிய சிமெண்டு சாம்பல் நிறத்தில் கிடக்கும். முன்பு இருந்தவர் தம் மரப்பலகைத் தரையைப் பெயர்த்து எடுத்துப் போயிருப்பார். ஒட்டுப்பசையின் வரிகள் மட்டும் இருக்கும். கூரையிலிருந்து இரண்டு கம்பிகள் தொங்கும், விளக்கு இருக்காது. பெரிய சன்னல் இருக்கும், திரையின் தண்டு இருந்த இடத்தில் துளைகள் இருக்கும். சில சமயம் முந்தைய குடித்தனக்காரர் தரையையும் திரையையும் விட்டுப் போக ஒரு விலை பேசுவார், கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். நம்மூரில் வாடகை வீட்டில் ஆணி அடிக்கவே வீட்டுக்காரரிடம் கேட்க வேண்டியிருக்கும்போது, தரையே இல்லாத வீடு புரியாத புதிர்.

ஆனால் அந்த வழக்கம் ஒரு காலத்தில் முழுக்க அர்த்தமுள்ளதாக இருந்தது. குடியேறுகிறவர் முப்பது ஆண்டு இருக்கப் போகிறார். பிள்ளைகள் அந்தத் தரையில் தவழ்வார்கள்; அந்தப் பிள்ளைகளின் திருமணத்துக்கும் அதே வீட்டில்தான் விருந்து. சுவரும் கூரையும் சங்கத்துடையவை. உள்ளே பரப்பியது தம்முடையது. சொந்தமாகப் பலகை வாங்கிப் பதிப்பது அவருக்குச் செலவாகத் தெரிந்திருக்காது. இரண்டு வருட ஒப்பந்தத்தோடு வருகிறவருக்கு அதே வெறும் தரை பெரும் சுமை. ஆயிரக்கணக்கான யூரோ செலவழித்துத் தரை போட்டு, பசை காய்ந்து கொஞ்ச நாளில் பெயர்த்தெடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். நிரந்தரக் குடித்தனத்துக்காக உருவான வழக்கம், தற்காலிகக் குடித்தனத்தின் தலையில் வந்து விழுந்திருக்கிறது. டச்சு வாடகை வரலாற்றின் இரு பாதிகளும் அந்தச் சிமெண்டுத் தரையில் தெரிகின்றன.

இரண்டாம் பாதி தொடங்கியது 1995-இல். அரசு வீட்டுவசதிக் கழகங்களுக்குத் தர வேண்டிய மானியத்தையும், கழகங்கள் அரசுக்குத் தர வேண்டிய கடனையும் ஒன்றுக்கொன்று கழித்து நேர்செய்துவிட்டு, இனி உங்கள் பாட்டை நீங்களே பாருங்கள் என்றது. கணக்கு ஏட்டில் அது நேர்த்தியான காரியம். நூறாண்டு உறவு அத்தோடு தளர்ந்தது. கழகங்கள் வணிக நிறுவனங்கள் போல யோசிக்கத் தொடங்கின. சில, வணிக நிறுவனங்களைவிட மோசமாகச் சூதாடின. நாட்டின் மிகப் பெரிய கழகங்களில் ஒன்றான வெஸ்டியா, வட்டி ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டு 2012-இல் ஏறத்தாழ 200 கோடி யூரோ இழந்தது. அந்த இழப்பில் ஒரு பங்கை மற்றக் கழகங்கள் சுமந்தன. அவை கட்டியது அவற்றின் வாடகைக்காரர்கள் தந்த பணம்.

2011-இல் இன்னொரு அடி. ஐரோப்பிய ஆணையத்துடன் எட்டிய உடன்பாட்டின்படி, குறைந்த வாடகை வீடுகளில் நூற்றுக்குத் தொண்ணூறை ஆண்டு வருமானம் 33,614 யூரோவுக்குக் கீழே உள்ள குடும்பங்களுக்கே கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. கேட்பதற்கு இது நியாயமாகத் தோன்றும்; ஏழைக்கு முதலிடம்தானே? விளைவு அப்படி அமையவில்லை. விபவுட்டின் காலத்திலிருந்து ஆசிரியரும் டிராம் ஓட்டுநரும் துறைமுகத் தொழிலாளியும் ஒரே படிக்கட்டில் ஏறி இறங்கிய வீடுகள், மெல்ல மெல்ல ஏழைகளுக்கு மட்டுமான வீடுகளாயின. செவிலியர், காவலர், இளம் ஆசிரியர் ஆகியோர் குறைந்த வாடகை வீட்டுக்கு வருமானம் கூடியவர்கள், சொந்த வீடு வாங்க வருமானம் குறைந்தவர்கள் என்று நடுவில் தொங்கினார்கள். எல்லோருக்குமான ஒன்றை ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கினால் அதற்காகக் குரல் கொடுக்கும் ஆட்கள் குறைந்துபோகிறார்கள். அடுத்து வந்த வெட்டுகளுக்கு எதிர்ப்பு வலுவாக எழாததற்கு இதுவும் ஒரு காரணம்.

வெட்டுகள் வரிசையாக வந்தன. அந்த விதிக்கு முன்பே, 2010-இல், வீட்டுவசதிக்கென்று இருந்த தனி அமைச்சகம் மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் காலி வீடுகளில் குடியேறுவது குற்றமானது. 1980 ஏப்ரல் 30 அன்று பியாட்ரிக்ஸ் அரசியாகப் பொறுப்பேற்ற நாளில் வீடு கேட்டுத் தெருவை நிறைத்த ஒரு தலைமுறையின் கடைசி ஆயுதம் அதோடு போனது. 2013 முதல் குறைந்த வாடகை வீடுகள்மீது ஒரு வரி. பத்தாண்டு காலம், கழகங்கள் புது வீடு கட்டப் பயன்படுத்தியிருக்கக்கூடிய பணம் கருவூலத்துக்குப் போனது. 2016 முதல் இரண்டு வருடத்துக்கு உட்பட்ட தற்காலிக ஒப்பந்தங்கள் சட்டப்படி சரி என்றானது. 1990 வாக்கில் நாட்டின் வீடுகளில் பத்துக்கு நான்கு என்ற அளவில் இருந்த கழக வீடுகள், இன்று பத்துக்கு மூன்றுக்கும் சற்றுக் குறைவு. ஆம்ஸ்டர்டாமில் அப்படி ஒரு வீட்டுக்குப் பெயர் பதிந்தவர் பத்தாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருக்கிறது. போதுமான வீட்டுவசதிக்கு வகை செய்வது அரசின் பொறுப்பு என்று நெதர்லாந்து அரசியல் சட்டத்தின் 22-ஆம் பிரிவு சொல்லிக்கொண்டிருந்த காலத்திலேயே இவ்வளவும் நடந்தன.

இந்தக் கதையில் தமிழருக்கு உண்மையான ஓர் இடம் இருக்கிறது. அதை நாம் அதிகம் பேசுவதில்லை. 1983-க்குப் பின் இலங்கையிலிருந்து உயிர் தப்பி வந்த தமிழ் இளைஞர்கள் 1984, 1985-இல் ஆயிரக்கணக்கில் நெதர்லாந்தை அடைந்தார்கள். அதுவரை அகதிகளுக்கும் சமூக உதவித்தொகை கொடுத்துவந்த அரசு, தமிழருக்கென்று 1985-இல் ஒரு தனி ஏற்பாடு செய்தது: படுக்கை, ரொட்டி, குளியல், கொஞ்சம் கைச்செலவுப் பணம். வீடு கிடையாது. வசதியாக வைத்தால் இன்னும் பலர் வந்துவிடுவார்கள் என்ற கணக்கு அதன் பின்னால் இருந்தது. 1987-இல் உருவான அகதிகள் வரவேற்பு விதிமுறைக்கு இதுவே முன்னோட்டம். நாட்டின் அகதி வரவேற்பு முறையே நம் பிள்ளைகள் படுத்த விடுதிப் படுக்கைகளிலிருந்து தொடங்கியது என்று சொன்னால் மிகையில்லை.

அகதி நிலை கிடைத்தவர்களுக்கு நகராட்சிகள் வீடு தர வேண்டும் என்ற பங்கீடு பின்னர் வந்தது. அதனால் தமிழ்க் குடும்பங்கள் பெருநகரங்களில் குவியாமல், பெயர் கேட்டிராத சிற்றூர்களின் கழக வீடுகளில் குடியேறின. வட ஹாலந்தின் வடமுனையில் கடற்படைத் துறைமுகமான டென் ஹெல்டரில் வரதராஜ செல்வவிநாயகர் கோயில் எழுந்து தேர் ஓடுகிறது என்றால், அந்தச் சிறு நகரத்தில் வீடு கிடைத்துத் தங்கிவிட்ட குடும்பங்களால்தான். படுக்கையும் ரொட்டியும் மட்டும் கிடைத்த காலத்தில் எவரும் கோயில் கட்ட நினைத்திருக்க மாட்டார்கள்.

இப்போது சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஐண்ட்ஹோவனுக்கும் ஆம்ஸ்டல்வேனுக்கும் வருகிற பொறியாளர்கள் வேறு கதவைத் தட்டுகிறார்கள். கழக வீட்டின் வரிசையில் அவர்களுக்கு இடமில்லை. தனியார் வாடகைச் சந்தைதான் வழி. வாடகையைப் போல மூன்று மடங்கு மாதச் சம்பளம் காட்டச் சொல்வார்கள். ஒரே வீட்டுக்கு எத்தனையோ பேர் வரிசையில். கிடைத்த வீட்டில் முகவரியைப் பதிவு செய்யக் கூடாது என்று நிபந்தனை போடும் உரிமையாளர்களும் உண்டு. பதிவு இல்லையென்றால் குடிமக்கள் எண் இல்லை, அது இல்லையென்றால் சம்பளம், வங்கி, மருத்துவக் காப்பீடு எல்லாம் சிக்கல். இப்படியெல்லாம் அல்லாடி ஒரு வீடு கிடைத்ததும், வேலிச்செடியையும் சைக்கிள் நிறுத்தும் கொட்டகையையும் பார்த்து மனம் நிறைந்துபோகிறது. என்ன வாடகை கேட்டாலும் கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிடுகிறோம். தெருவின் அமைதியைக் குலைக்கக் கூடாது என்ற நல்லெண்ணம், உரிமையைக் கேட்காமல் இருப்பதுவரை போய்விடுகிறது.

அந்த நல்லெண்ணம் இடம் மாறி நிற்கிறது. பேட்டோன்டோர்ப் போன்ற தெருக்களை உண்டாக்கியவர்கள் வாய் பேசாதவர்கள் அல்லர். சங்கம் வைத்தார்கள், மன்றத்தில் சண்டை போட்டார்கள், ஊர்வலம் போனார்கள். 2021 செப்டம்பர் 12 அன்று ஆம்ஸ்டர்டாமின் வெஸ்டர்பார்க்கில் வீட்டு நெருக்கடிக்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் திரண்டதும் அந்த வழியில்தான். அதன் பிறகே காற்று கொஞ்சம் திசை மாறியது. கழக வீடுகள்மீதான வரி 2023 தொடக்கத்தில் நீங்கியது. அதே ஆண்டு ஜூலை முதல், முன்பணமாக இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது என்று சட்டம் வந்தது. ஹென்க் நைபூர், பீட்டர் கிரின்விஸ் என்ற இரு நாடாளுமன்ற உறுப்பினர்கள் கொண்டுவந்த சட்டத்தால் 2024 ஜூலை 1 முதல் நிரந்தர ஒப்பந்தமே மீண்டும் பொது விதி, தற்காலிகம் விதிவிலக்கு. அதே நாளில் அமைச்சர் ஹியூகோ த யோங்கவின் சட்டம் நடைமுறைக்கு வந்து, புள்ளி முறையை 186 புள்ளிவரை உள்ள நடுத்தர வீடுகளுக்கும் நீட்டித்தது.

இதனால் தனியார் உரிமையாளர்கள் பலர் குடித்தனக்காரர் காலி செய்ததும் வீட்டை விற்றுவிடுகிறார்கள், வாடகை வீடுகள் குறைகின்றன என்ற குற்றச்சாட்டு வலுவாக எழுந்திருக்கிறது. விற்பது உண்மைதான். ஆனால் அந்தக் குறையைத் தீர்க்க வாடகைக் காப்பை மறுபடி தளர்த்த வேண்டும் என்று சொல்கிறவர்கள், 1995 முதல் தளர்த்தித் தளர்த்திக் கண்ட பலனை மறைத்துவிட்டுப் பேசுகிறார்கள். 1901-இல் தனியார் கட்டாத வீட்டைச் சங்கங்கள் கட்டின, அரசு கடன் கொடுத்தது. இன்றைக்கும் வேறு வழி இல்லை. லாபம் பார்க்காத கைகளுக்குப் பணமும் நிலமும் போய்ச் சேராமல், புதிய வாடகை வீடுகள் பெருகப் போவதில்லை.

அங்கே குடியேறப் போகிற, அல்லது ஏற்கனவே குடியிருக்கிற வாசகருக்கு ஒரு வேண்டுகோள். 2025 தொடக்கத்திலிருந்து எழுதப்படும் புதிய வாடகை ஒப்பந்தங்களோடு வீட்டின் புள்ளிக் கணக்கையும் உரிமையாளர் தர வேண்டும். தராவிட்டால் கேளுங்கள். அறையை அளந்து, சமையல் மேடையை அளந்து, நீங்களே ஒரு முறை கூட்டிப் பாருங்கள். வாடகை அதிகமாகத் தெரிந்தால் குடியேறிய முதல் ஆறு மாதத்துக்குள் வாடகை ஆணையத்திடம் போங்கள். கட்டணம் 25 யூரோ, உங்கள் பக்கம் தீர்ப்பானால் அதுவும் திரும்பி வரும். சட்டப்படி கேள்வி கேட்டதற்காக உங்களை வீட்டைவிட்டு அனுப்ப முடியாது.